ரிமோட்டில் சர்வர் கிடைக்கவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு ஒரு வழி

தொலைவில் இருக்கும் சர்வரோடு தொடர்பு அறுந்ததும் பலரும் முதலில் தேடுவது ரீஸ்டார்ட் பொத்தானைத்தான். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் என்ன நடந்தது என்பதற்கான தடயம் அழிந்துபோகலாம். டிஸ்க் நிரம்பியோ கோப்பு பழுதாகியோ இருந்தால் சர்வர் திரும்ப எழாமலும் போகலாம்.

திரையில் வந்த பிழைச் செய்தியை எழுத்து விடாமல் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ரிமோட் தொடர்பு நான்கு கட்டமாக நடக்கிறது. முதலில் நெட்வொர்க் வழியாக மெஷினை எட்ட வேண்டும். அடுத்து அங்கே ஒரு சேவை காத்திருக்க வேண்டும். பிறகு நீங்கள் யார் என்பதை அது ஏற்க வேண்டும். கடைசியாக உங்களுக்கு ஒரு செஷன் திறக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் நின்றது என்று பிழைச் செய்தியே சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் பாஸ்வேர்டை மாற்றுவது, ஃபயர்வாலை அணைப்பது, மென்பொருளை மறுபடி நிறுவுவது என்று இறங்கினால் ஒரு சிக்கல் மூன்றாகும்.

எந்தச் சோதனைக்கும் முன் ஒன்று: ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன் இருந்தால் அதை மூடாதீர்கள். எல்லாம் சரியாகி, புதிதாக இன்னொரு செஷன் திறக்க முடிகிறது என்று பார்த்த பிறகே பழையதை விடுங்கள்.

வெகுநேரம் காத்திருந்து ‘டைம்டு அவுட்’ வருகிறது

கதவைத் தட்டுகிறீர்கள், உள்ளே இருந்து ‘இல்லை’ என்ற பதில்கூட வரவில்லை. அதுதான் டைம் அவுட். நீங்கள் அனுப்பிய பாக்கெட் (தரவின் சிறு துண்டு) வழியில் எங்கோ விழுங்கப்படுகிறது, அல்லது மெஷினே ஓடவில்லை. பாஸ்வேர்டு, கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலான அடையாளக் கோப்பு), பயனர் பெயர் எதற்கும் இதில் பங்கில்லை. அந்தக் கட்டத்துக்கே நாம் போகவில்லை.

முதலில் முகவரியைச் சரிபாருங்கள். கிளவுட் மெஷினை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் பொது ஐபி மாறிவிடுவது உண்டு. டொமைன் பெயர் இன்னமும் பழைய ஐபியைக் காட்டிக்கொண்டிருக்கலாம். அப்புறம் பிங், அதாவது மெஷின் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை. பிங் போகவில்லை என்பதால் மெஷின் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம், ஏனென்றால் பல இடங்களில் பிங்கையே தடுத்து வைத்திருப்பார்கள். போர்ட்டை, அதாவது ஒரு சேவை காத்திருக்கும் எண்ணிட்ட வாசலை, நேரடியாகச் சோதிப்பதே நம்பகமானது. எஸ்எஸ்ஹெச் (கட்டளை வழியாக நுழையும் முறை) என்றால் 22, விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் என்றால் 3389, விஎன்சி (திரையைப் பகிரும் முறை) என்றால் 5900-லிருந்து தொடங்கி டிஸ்ப்ளே எண்ணைக் கூட்டிக்கொள்ளுங்கள். விண்டோஸில் பவர்ஷெல்லின் ‘டெஸ்ட் நெட் கனெக்‌ஷன்’ கட்டளையும் லினக்ஸில் ‘என்சி’ கட்டளையும் இதற்குப் போதும்.

போர்ட் எட்டவில்லை என்றால் பெரும்பாலும் ஃபயர்வால்தான். கிளவுடில் இரண்டு ஃபயர்வால் இருப்பதை மறந்துவிடுகிறோம்: மெஷினுக்குள் ஒன்று, வெளியே செக்யூரிட்டி குரூப் என்ற பெயரில் இன்னொன்று. இரண்டிலும் வழி இருக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து வேலை செய்தது வீட்டிலிருந்து செய்யவில்லை என்றால், அனுமதிப் பட்டியலில் அலுவலக ஐபி மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு இணைப்பின் ஐபி அடிக்கடி மாறக்கூடியது.

இந்த இடத்தில் ஒரு சலனம் வரும்: ‘சோதனைக்காகக் கொஞ்ச நேரம் எல்லா ஐபிக்கும் திறந்து விடுவோம்.’ 3389-ஐ அப்படித் திறக்கவே திறக்காதீர்கள். இணையம் முழுக்கத் திறந்த போர்ட்டைத் தேடும் தானியங்கி ஸ்கேனர்கள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2019-இல் வெளிவந்த புளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டாப் பாதுகாப்பு ஓட்டைக்கு லாகின் விவரம்கூடத் தேவைப்படவில்லை. பேட்ச் போடாத பழைய விண்டோஸில் போர்ட் எட்டினாலே போதும் என்ற நிலை இருந்தது. உங்கள் ஒரே ஐபிக்கு மட்டும் திறந்து சோதியுங்கள், அல்லது விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப்பாதை வழியாகப் போங்கள்.

உடனே ‘ரெஃப்யூஸ்டு’ என்று வருகிறது

இது டைம் அவுட்டை விட நல்ல செய்தி. பதில் வந்திருக்கிறது, ஆகவே மெஷின் உயிரோடு இருக்கிறது, வழியும் இருக்கிறது. அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய சேவைதான் இல்லை. எஸ்எஸ்ஹெச் சேவை நின்றுபோயிருக்கலாம், வேறு போர்ட்டுக்கு மாறியிருக்கலாம், அல்லது 127.0.0.1 என்ற உள் முகவரியில் மட்டும் கேட்கலாம். விஎன்சி சர்வர்களில் இந்தக் கடைசி நிலை அடிக்கடி வரும். அது பிழையல்ல, பாதுகாப்புக்காக வைத்த இயல்பு. எஸ்எஸ்ஹெச் டனல் (எஸ்எஸ்ஹெச் இணைப்புக்குள் செல்லும் பாதை) ஒன்றைப் போட்டு அதன் வழியாக விஎன்சிக்குப் போவதே முறை. பழைய விஎன்சி அடையாள முறை பாஸ்வேர்டின் முதல் 8 எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுக்கும் என்பதால் அதை நேரடியாக இணையத்தில் விடக்கூடாது.

கன்சோல் (மெஷினின் நேரடித் திரை) வழியாக உள்ளே போக முடிந்தால் ‘எஸ்எஸ்’ கட்டளையை ஓட்டி எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் என்ன கேட்கிறது என்று பாருங்கள். போர்ட்டை மாற்றிய பிறகு சேவை எழவில்லை என்றால் ரெட்ஹேட் வகை சர்வர்களில் எஸ்ஈலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கைச் சந்தேகியுங்கள். புதிய போர்ட்டை அதற்கும் அறிவித்தாக வேண்டும். உபுண்டு 22.10 முதல் எஸ்எஸ்ஹெச் சாக்கெட் முறையில் தொடங்குகிறது, அதாவது சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியே போர்ட்டைத் திறந்து வைக்கிறது. அதனால் அமைப்புக் கோப்பில் போர்ட்டை மாற்றி எஸ்எஸ்ஹெச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் பழைய போர்ட்டிலேயே நிற்பது உண்டு. 24.04-இல் சிஸ்டம்டியை மறுபடி படிக்கச் சொல்லி, எஸ்எஸ்ஹெச் சாக்கெட் யூனிட்டையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பாஸ்வேர்டைச் சில முறை தவறாகப் போட்ட பிறகு திடீரென்று ரெஃப்யூஸ்டு வந்தால் சேவை நிற்கவில்லை, தவறான முயற்சிகளைக் கவனித்து ஐபியைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் மென்பொருள் உங்களைத் தடுத்திருக்கிறது. அதன் வழக்கமான அமைப்பு பாக்கெட்டை விழுங்காமல் மறுத்துத் திருப்பி அனுப்பும், அதனால் பார்க்க ரெஃப்யூஸ்டு போலவே இருக்கும். வேறு இணைப்பிலிருந்து, உதாரணமாக மொபைல் டேட்டாவிலிருந்து, முயன்று பாருங்கள். அங்கிருந்து கிடைத்தால் சந்தேகம் தீர்ந்தது. இயல்பான தடைக் காலம் 10 நிமிடம்தான், எனவே பதற்றப்பட்டு மேலும் மேலும் முயலாமல் காத்திருப்பதே உத்தமம்.

தொடர்பு கிடைக்கிறது, பாதியில் உறைந்து நிற்கிறது

இது ஆளைக் குழப்பும் அறிகுறி. போர்ட் திறந்திருக்கிறது, பிங் போகிறது, ஆனால் லாகின் திரை வரவில்லை. எஸ்எஸ்ஹெச் கட்டளையோடு ‘வி’ குறியை மூன்று முறை சேர்த்து ஓட்டினால் கீ பரிமாற்றத்துக்குப் பதிலை எதிர்பார்க்கிற வரியில் நிற்பது தெரியும். சில நேரம் லாகின் வரை ஆகிவிடும், நீளமான ஒரு பட்டியலை வரவழைத்ததும் திரை உறையும்.

சிறிய பாக்கெட்டுகள் போகின்றன, பெரியவை போகவில்லை என்பதே இதன் பொருள். விபிஎன் இருக்கும் இடங்களில் அதிகம் பார்க்கலாம். ஈதர்நெட்டின் வழக்கமான எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1500 பைட். விபிஎன் தன் தலைப்பையும் சேர்ப்பதால் உள்ளே போக இடம் குறைகிறது. வயர்கார்டு என்ற விபிஎன் இயல்பாக 1420 வைத்துக்கொள்வது அதனால்தான். பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்று சொல்லும் ஐசிஎம்பி (நெட்வொர்க் நிலையைத் தெரிவிக்கும்) செய்தியை நடுவில் ஏதாவது ஃபயர்வால் தடுத்துவிட்டால், அனுப்பிய மெஷின் விஷயமே தெரியாமல் திரும்பத் திரும்பப் பெரிய பாக்கெட்டையே அனுப்பிக்கொண்டிருக்கும்.

சோதிப்பது எளிது. ‘துண்டாக்காதே’ என்ற குறியோடு விபிஎன் வழியாக 1472 பைட் பிங் அனுப்புங்கள். அதோடு 28 பைட் தலைப்பு சேர்ந்து 1500 ஆகும். போகவில்லை என்றால் குறைத்துக்கொண்டே வாருங்கள். போகிற மிகப் பெரிய எண்ணோடு 28-ஐக் கூட்டி, அதையே விபிஎன் இடைமுகத்தின் எம்டியூவாக வையுங்கள். ஐசிஎம்பியை மொத்தமாகத் தடுத்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டால் இது பெரும்பாலும் திரும்ப வராது.

‘ஹோஸ்ட் கீ மாறிவிட்டது’ என்று பெரிய எச்சரிக்கை

ஹோஸ்ட் கீ என்பது சர்வரின் அடையாளம். சர்வரை மறுபடி நிறுவியிருந்தால், அல்லது அதே ஐபி வேறு மெஷினுக்குப் போயிருந்தால் இது இயல்புதான். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் நடுவில் யாரோ உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. எச்சரிக்கையைக் கண்டதும் உங்கள் கணினியில் சேமித்திருக்கும் பழைய கீயின் வரியை அழித்துவிட்டுப் போகிற வழக்கம் ஆபத்தானது. கன்சோலிலோ சர்வரை அமைத்தவரிடமோ புதிய கைரேகைக் குறியீட்டைக் கேட்டு ஒப்பிட்டுவிட்டு, பிறகு ‘எஸ்எஸ்ஹெச் கீஜென்’ கட்டளையின் பெரிய ‘ஆர்’ குறியால் அந்த ஒரு பதிவை மட்டும் நீக்குங்கள்.

‘பெர்மிஷன் டினைடு’

இங்கே வந்துவிட்டீர்கள் என்றால் நெட்வொர்க்கும் சேவையும் நன்றாக இருக்கின்றன. ஃபயர்வாலைத் தொடாதீர்கள்.

பயனர் பெயரிலிருந்து தொடங்குங்கள். கிளவுட் மெஷின்களில் ரூட் (முழு உரிமையுள்ள நிர்வாகி) என்று போட்டால் பெரும்பாலும் உள்ளே விடாது. உபுண்டு இமேஜில் ‘உபுண்டு’, அமேசான் லினக்ஸில் ‘ஈசி2-யூசர்’ என்று அதற்கென்று பெயர் இருக்கும். சொந்த சர்வரிலும் ரூட்டின் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் மறுப்பது உண்டு. ஓப்பன் எஸ்எஸ்ஹெச் 2015-இல் வந்த 7.0 பதிப்பு முதல் ரூட்டுக்குப் பாஸ்வேர்டு லாகினை இயல்பாகவே அனுமதிப்பதில்லை. அதை மாற்றாமல், சாதாரணப் பயனராக நுழைந்து, நிர்வாகி உரிமையில் ஓட்ட வேண்டியதற்கு மட்டும் சூடோ கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

கீ இருந்தும் மறுத்தால் சர்வர் பக்க லாக்தான் உண்மையைச் சொல்லும். கிளையன்ட் திரையில் வேண்டுமென்றே அதிகம் சொல்லாது. உபுண்டு, டெபியன் என்றால் ஆத் லாக், ரெட்ஹேட் வகை என்றால் செக்யூர் லாக், இரண்டும் இல்லாத புதிய அமைப்புகளில் ஜர்னல்சிடிஎல். அங்கே ‘உரிமையோ அனுமதியோ சரியில்லை’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அனுமதிகளைப் பாருங்கள்: எஸ்எஸ்ஹெச் அடைவுக்கு 700, ஆதரைஸ்டு கீஸ் கோப்புக்கு 600. இவை சரியாக இருந்தும் நடக்கவில்லையா? ஹோம் அடைவில் குழுவுக்கு எழுதும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தாலே எஸ்எஸ்ஹெச் கீயை ஏற்காது. பலர் எல்லாவற்றுக்கும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்துப் பார்ப்பார்கள். அது நிலைமையை இன்னும் கெடுக்கும்.

விண்டோஸில் ஓப்பன் எஸ்எஸ்ஹெச் ஓடினால் ஒரு தனிக் கணக்கு உண்டு. அட்மின் குழுவில் இருக்கும் பயனரின் கீயை அவருடைய சொந்த அடைவில் அது தேடாது. புரோகிராம்டேட்டா அடைவுக்குள் எஸ்எஸ்ஹெச் அடைவில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ஆதரைஸ்டு கீஸ்’ என்ற பொதுக் கோப்பில்தான் தேடும். இது தெரியாவிட்டால் நாள் முழுக்கத் தேடினாலும் பிடிபடாது.

லாக்கில் கீ வகை ஏற்கப்படவில்லை என்று வந்தால் காரணம் வயது. 2021-இல் வந்த ஓப்பன் எஸ்எஸ்ஹெச் 8.8, ஷா-1 அடிப்படையிலான பழைய ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பாக நிறுத்தியது. ஆர்எஸ்ஏ கீ தானாகச் செல்லாததாகிவிடவில்லை. இரு பக்க மென்பொருளும் புதிதாக இருந்தால் அதே கீ ஷா-2 கையொப்பத்தோடு வேலை செய்யும். ஒரு பக்கம் பழையதாக இருந்தால் அதைப் புதுப்பியுங்கள், முடிந்தால் ஈடி25519 கீ ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

‘மிக அதிக முயற்சிகள்’ என்று சொல்லித் துண்டித்தால், கீகளை நினைவில் வைத்திருக்கும் உங்கள் எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட்டில் கீகள் குவிந்திருக்கின்றன. ஒவ்வொரு கீயும் ஒரு முயற்சியாகக் கணக்கில் வரும், இயல்பான வரம்பு 6. சரியான கீயின் முறை வருவதற்குள் வரம்பு முடிந்துவிடுகிறது. அமைப்பில் ‘ஐடென்டிட்டீஸ் ஒன்லி’ என்பதை இயக்கி, எந்தக் கீ என்று குறிப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இது பலரையும் சுற்றலில் விட்டிருக்கிறது. அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்டு லாகினை ‘யெஸ்’ என்று மாற்றியும் மாறவில்லையா? எஸ்எஸ்ஹெச்சின் சர்வர் பக்கப் புரோகிராமான எஸ்எஸ்ஹெச்டி, ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் படித்ததையே வைத்துக்கொள்ளும். உபுண்டு, டெபியனில் முதன்மைக் கோப்பின் தலைப்பகுதியிலேயே துணை அடைவை உள்ளிழுக்கும் வரி இருக்கிறது. அங்கே கிளவுட் இனிட் (கிளவுட் மெஷினை முதன்முறை அமைக்கும் கருவி) வைத்த கோப்பு ‘நோ’ என்று சொல்லியிருந்தால் கீழே நீங்கள் எழுதியது எடுபடாது. எஸ்எஸ்ஹெச்டி கட்டளையைப் பெரிய ‘டி’ குறியோடு ஓட்டுங்கள், நடைமுறையில் இருக்கும் மதிப்புகளை அப்படியே அச்சிட்டுக் காட்டும்.

பாஸ்வேர்டு கேட்கவே அரை நிமிடம் ஆகிறது

பெரும்பாலும் டிஎன்எஸ். சர்வர் உங்கள் ஐபியின் பெயரைத் தேடி, பதில் கிடைக்காமல் காத்திருக்கிறது. ‘யூஸ் டிஎன்எஸ்’ அமைப்பை ‘நோ’ ஆக்குங்கள். நிறுவனத்தின் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டொமைன் இல்லாத இடத்தில் ஜிஎஸ்எஸ்ஏபிஐ அடையாள முறையையும் நிறுத்திப் பாருங்கள். பாஸ்வேர்டு கொடுத்த பிறகு தாமதம் என்றால் காரணம் வேறு: சிஸ்டம்டி லாகின்டி சேவை தொங்கியிருக்கலாம், அல்லது ஹோம் அடைவு இருக்கும் நெட்வொர்க் டிஸ்க் பதில் தராமல் இருக்கலாம்.

ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே விடவில்லை

‘கிரெட்எஸ்எஸ்பி’ என்ற சொல் செய்தியில் இருந்தால் ஒரு பக்கம் 2018-இல் வந்த பேட்ச் இல்லை என்று பொருள். கிளையன்ட்டின் கொள்கையைத் தளர்த்தச் சொல்லும் குறுக்குவழி எளிதில் கிடைக்கும். சர்வரை எட்டி அப்டேட் செய்ய வேறு வழியே இல்லாதபோது மட்டும் தற்காலிகமாகச் செய்யுங்கள், அப்டேட் முடிந்ததும் கட்டாயமாகத் திருப்பி வையுங்கள்.

பாஸ்வேர்டு சரி, ஆனாலும் மறுக்கிறது என்றால் காலாவதியாகி இருக்கிறதா என்று பாருங்கள். ‘அடுத்த லாகினில் மாற்ற வேண்டும்’ என்று குறித்த பயனர், என்எல்ஏ (திரை திறக்கும் முன்பே அடையாளம் கேட்கும் முறை) இயங்கும் சர்வரில் ரிமோட்டிலிருந்து நுழைய முடியாது. மாற்றும் திரைக்கே அவரால் போக முடியாது. டொமைனில் இருந்தால் கடிகாரத்தையும் பாருங்கள், ஏனென்றால் டொமைனின் அடையாள முறையான கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது. விர்ச்சுவல் மெஷினைப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பிய பிறகு இது வருவது வழக்கம்.

‘வேறு பயனர்கள் இருக்கிறார்கள்’ என்றால் விண்டோஸ் சர்வரின் இரண்டு நிர்வாகச் செஷன்களும் நிரம்பிவிட்டன. ஜன்னலின் பெருக்கல் குறியை அழுத்தி வெளியேறுபவர்கள் லாகவுட் ஆவதில்லை, அவர்களுடைய செஷன் உள்ளேயே கிடக்கும். ‘கியூயூசர்’ கட்டளையில் செஷன் எண்ணைப் பார்த்து ‘லாகாஃப்’ கொடுங்கள். முன்னதாக அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவருடைய சேமிக்காத வேலை அதில் இருக்கலாம். உரிம சர்வர் இல்லை என்ற செய்தி வந்தால், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் ரோலின் 120 நாள் சலுகைக் காலம் முடிந்திருக்கிறது. கிளையன்ட்டை ‘அட்மின்’ குறியோடு திறந்தால் சரிசெய்ய உள்ளே போகலாம்.

லாகின் ஆகிறது, திரை மட்டும் கருப்பு

விண்டோஸில் கண்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ரிமோட் செஷனில் டெலீட்டுக்குப் பதில் எண்ட். அந்தத் திரை வந்தால் செஷன் உயிரோடு இருக்கிறது. டாஸ்க் மேனேஜர் வழியாக எக்ஸ்ப்ளோரரை மறுபடி தொடங்குங்கள். அடிக்கடி வந்தால் கிளையன்ட்டில் பிட்மேப் கேஷை அணைத்துப் பாருங்கள், அப்புறம் கொள்கை அமைப்பில் யுடிபியை நிறுத்தி டிசிபி மட்டும் வைத்துப் பாருங்கள்.

டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவற்றில் அட்மின் அனுமதி கேட்கும் நேரத்தில் மட்டும் திரை உறைந்தால், மென்பொருள் சேவையாக நிறுவப்படாமல் சும்மா திறந்து ஓடுகிறது. அனுமதிக் கேள்வி தனியான பாதுகாப்புத் திரையில் வருவதால் அதைப் பார்க்க இதற்கு உரிமை இல்லை. முறையாக நிறுவினால் சரியாகும்.

லினக்ஸில் எக்ஸ்ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப் சர்வர்) கருப்பாக வந்தால், அதே பயனர் நேரடி மானிட்டரில் ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் டெஸ்க்டாப் ஓடுவது பல அமைப்புகளில் ஒத்துவராது. விஎன்சியில் வெறும் சாம்பல் திரை என்றால் தொடக்க ஸ்கிரிப்ட்டில் எந்த டெஸ்க்டாப்பைத் திறப்பது என்று எழுதியிருக்காது. லாகின் திரையே தெரியவில்லை என்றால் வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பை அணைத்து, பழைய எக்ஸ்11-க்கு மாற்றிப் பாருங்கள். மானிட்டர் செருகாத மெஷினில் திரை வரவில்லை, அல்லது மிகச் சிறிதாக வருகிறது என்றால், மானிட்டர் இருப்பதுபோல் காட்டும் டம்மி ஹெச்டிஎம்ஐ பிளக் ஒன்று போதும்.

சும்மா விட்டால் துண்டிக்கிறது

நடுவில் இருக்கும் ரூட்டரோ லோட் பேலன்சரோ அமைதியாக இருக்கும் இணைப்பைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் கிளவுடான அஷூரின் லோட் பேலன்சரில் இயல்பாக 4 நிமிடம், அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சரில் 350 வினாடி. எப்போதும் ஒரே கால அளவில் அறுந்தால் பெரும்பாலும் இதுதான். கிளையன்ட் அமைப்பில் ‘சர்வர் அலைவ் இன்டர்வல்’ 60 என்று வைத்தால் தீரும். நீண்ட வேலைகளை டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள், தொடர்பு அறுந்தாலும் வேலை நிற்காது. டேட்டாபேஸ் மாற்றத்தையோ ஓஎஸ் மேம்படுத்தலையோ டிமக்ஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

காப்பி பேஸ்ட் மட்டும் நின்றுபோனால் சர்வரில் ‘ஆர்டிபி கிளிப்’ புரோகிராமை முடித்து மறுபடி ஓட்டுங்கள்.

ஒரு மாற்றம் செய்தேன், நானே வெளியே மாட்டிக்கொண்டேன்

உள்ளே போக வேறு வழிகள் உண்டு. சொந்த சர்வர் என்றால் டெல்லின் ஐட்ராக், ஹெச்பிஈயின் ஐலோ போன்ற தனி நிர்வாகப் பலகைகள், ஓஎஸ் விழுந்தாலும் திரையைக் காட்டும். கிளவுட் என்றால் சீரியல் கன்சோல், அஷூரின் ரன் கமாண்ட், அமேசானின் செஷன் மேனேஜர். கடைசியாகச் சொன்னதற்கு உள்வரும் போர்ட் எதுவும் தேவையில்லை, ஆனால் மெஷினுக்குள் அதன் ஏஜென்ட்டும், தேவையான அனுமதியும் முன்பே இருக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் மெஷினை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, வேறு மெஷினில் இணைத்து, தவறான கோப்பைத் திருத்தி மீண்டும் போடலாம். மெதுவான வேலைதான், ஆனால் நடக்கும்.

இந்த நிலைக்கே வராமலிருக்கச் சில கருவிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. எஸ்எஸ்ஹெச் அமைப்பை மாற்றினால் சிறிய ‘டி’ குறியோடு எஸ்எஸ்ஹெச்டி கட்டளையை ஓட்டி எழுத்துப்பிழை பாருங்கள், பிறகே ரீஸ்டார்ட். உபுண்டுவில் நெட்வொர்க்கை மாற்ற ‘நெட்பிளான் டிரை’ பயன்படுத்துங்கள், 120 வினாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவை இயக்கும் முன் எஸ்எஸ்ஹெச்சுக்கு அனுமதி கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் உள்ளே வருவதை எல்லாம் மறுப்பதே அதன் இயல்பு. ஃபயர்வால் விதிகளைக் கையால் மாற்றுவதாக இருந்தால், 5 நிமிடத்தில் பழைய விதிகளைத் திரும்ப ஏற்றும் வேலை ஒன்றை ‘அட்’ கட்டளையில் முதலில் போட்டுவிட்டு மாற்றுங்கள். விண்டோஸில் அதே வேலையை டாஸ்க் ஷெட்யூலர் செய்யும். புதிய செஷன் ஒன்று திறந்து உள்ளே போக முடிந்தால் அந்த வேலையை ரத்து செய்துவிடலாம்.